கோதுமையும் மரபணுவும்: சீலியாக் நோய்ப் பரிசோதனையைப் புரிந்துகொள்வோம்



உணவு இறைவன் தந்த கொடை. அன்றாட உணவுக்காக நாள்தோறும் விண்ணகத் தந்தையிடம் மன்றாடுகிறோம். நம் ஆண்டவரும் தம்மையே நமக்கு அப்பத்தின் வடிவில் உணவாகத் தந்தார். ஆனால் நம்மிடையே சிலருக்குக் கோதுமை உணவே உடலைக் கெடுக்கும் பொருளாக இருக்கிறது. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

நம் நெய்வேலி நகரியத்தில் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன. ஒரு வீட்டில் சாம்பார் சாதம், பக்கத்து வீட்டில் சப்பாத்தி. சர்க்கரை நோய்க்குப் பயந்து இரவில் சப்பாத்திக்கு மாறிய தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். 'சீலியாக்', 'குளூட்டன்', 'ஜீன் டெஸ்ட்' என்ற சொற்கள் இப்போது நம் அன்பியக் கூட்டங்கள் வரை வந்துவிட்டன. பரிசோதனைத் தாளில் 'மரபணு இருக்கிறது' என்று கண்டதும், நோயே வந்துவிட்டதாகக் கலங்கும் பெற்றோர் உண்டு. வரன் பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரியக் கூடாதே என்று மறைப்பவர்களும் உண்டு. இனி நற்கருணை வாங்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. பரோட்டா மாவை இழுத்தால் அறுந்துபோகாமல் நீளுவதற்கு இந்தப் புரதமே காரணம். பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. சிலருடைய உடலில் மட்டும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குளூட்டனைப் பகையாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் சிதைவது அவர்களுடைய சிறுகுடலே. உணவின் சத்தை உறிஞ்சுகிற, விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. வயிறார உண்டாலும் உடலில் சத்து சேராது.

இதன் அறிகுறிகள் பலவகை. தீராத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை குறைதல், பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுதல் ஆகியவை வெளிப்படையாகத் தெரிபவை. எவ்வளவு இரும்புச் சத்து மாத்திரை உண்டாலும் தீராத இரத்தசோகை, எலும்பு மெலிவு, அடிக்கடி வரும் வாய்ப்புண் என மறைமுகமாகவும் வரலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. இது தொற்றுநோய் அன்று. கோதுமை ஒவ்வாமையும் இதுவும் ஒன்றல்ல.

கோதுமைதான் காரணம் என்பதை உலகுக்குக் காட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரெல்லாம் பசியால் வாடியபோது சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மீண்டும் நோயுற்றார்கள். போருக்கு முன்பே கோதுமைமீது ஐயம் கொண்டிருந்த டிக்கெ, 1950-ல் தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார். இன்றுவரை இந்நோய்க்கு உள்ள உறுதியான மருத்துவம், வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு உண்பதே.

மரபணுப் பரிசோதனை எதைச் சொல்கிறது?

நம் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள குரோமோசோம்களில் ஆறாவது குரோமோசோமில், எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக் கூட்டம் இருக்கிறது. நம் உடல் தன்னையும் அயலானையும் பிரித்தறிய உதவுவது இதுவே. இதில் பல வகைகள் உண்டு. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற இரு வகைகளில் ஒன்றோ இரண்டுமோ உள்ளவர்களுக்குத்தான் பொதுவாகச் சீலியாக் நோய் வருகிறது. இரத்தத்திலோ, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியிலோ இதைக் கண்டறியலாம். மரபணு மாறாது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும்.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். இந்த மரபணு வகைகள் அரியவை அல்ல. உலகின் பல பகுதிகளில், நூறு பேரில் முப்பது, நாற்பது பேரிடம் இவை இருக்கின்றன. ஆனால் நோயுறுபவர்களோ நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அதாவது, மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் கோதுமை உண்டு வாழ்ந்து முடிக்கிறார்கள்.

நம் நெய்வேலி நிலத்தைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் வெளிப்பட்டது. நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது அதனால் தெரிய வந்தது. ஆனால் 1956-ல் நிறுவனம் தொடங்கி, மேல்மண்ணை அகற்றி, அடிநீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து, கரியை வெட்டிக் கொதிகலனில் இட்ட பிறகுதான் மின்சாரம் வந்தது. நிலத்தடியில் கரி இருப்பதாலேயே நெருப்புப் பற்றிக்கொள்வதில்லை. அதேபோல மரபணு இருப்பதாலேயே நோய் வருவதில்லை. அதே நேரத்தில், துளையிட்டுப் பார்த்த இடத்தில் கரியே இல்லையென்றால் அங்கே சுரங்கம் தோண்டும் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு மரபணு வகைகளும் இல்லாத ஒருவருக்குச் சீலியாக் நோய் வருவது மிக மிக அரிது.

ஆகவே இந்தப் பரிசோதனையின் உண்மையான பயன் 'இல்லை' என்ற விடையில்தான் இருக்கிறது. 'இல்லை' என்று வந்தால் ஏறத்தாழ நிம்மதியாக இருக்கலாம். 'இருக்கிறது' என்று வந்தால் அதன் பொருள் 'வரக்கூடும்' என்பது மட்டுமே. 'வந்துவிட்டது' என்பதோ 'வந்தே தீரும்' என்பதோ அல்ல.

வேலூர் தந்த சான்று

இதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, டெல்லி எய்ம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் மருத்துவர்கள் வட இந்தியா, வடகிழக்கு இந்தியா, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தென்னிந்தியப் பகுதிக்கு வேலூர் வட்டாரத்து மக்களே பரிசோதிக்கப்பட்டார்கள்.

நோய்க்கு வாய்ப்புத் தரும் மரபணு வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடமும், வடகிழக்கில் 31 பேரிடமும், தெற்கில் 36 பேரிடமும் இருந்தது. பெரிய வேறுபாடில்லை. ஆனால் நோயோ வடக்கில் ஆயிரத்துக்கு 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11 என்ற அளவில் இருந்தது. வடக்கில் ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமை சராசரி 455 கிராம். வடகிழக்கில் 37 கிராம். தெற்கில் 25 கிராம். மரபணு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்க, நோயில் இத்தனை வேறுபாடு வருவதற்கு உண்ணும் கோதுமையின் அளவு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்ளலாம். முதலாவது, நம்மில் மூவரில் ஒருவர் இந்த மரபணுவைச் சுமந்துகொண்டே இட்லியும் சோறும் உண்டு நலமாக வாழ்கிறோம். எனவே பரிசோதனைத் தாளைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. இரண்டாவது, 'இது வடநாட்டார் நோய், நமக்கு வராது' என்று ஒதுக்கவும் கூடாது. நம் பங்கிலும் நகரியத்திலும் வட மாநிலக் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் பிள்ளைகளின் தட்டிலும் கோதுமை கூடிக்கொண்டே வருகிறது.

எந்த வரிசையில் பரிசோதிப்பது?

பலரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றதும், யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து மருத்துவரிடம் செல்கிறார்கள். இது நோயைக் கண்டறிவதையே கடினமாக்கிவிடும். ஏனெனில் இந்நோய்க்கு முதலில் செய்ய வேண்டியது, டி.டி.ஜி. எனப்படும் எதிர்ப்பொருளைக் காணும் இரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லாததுபோலக் காட்டும். எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலிலிருந்து எடுக்கும் திசுப் பரிசோதனையும் அப்படியே. எனவே, மருத்துவர் சொல்லும்வரை கோதுமையை நிறுத்த வேண்டாம்.

அப்படியானால் மரபணுப் பரிசோதனை எப்போது உதவும்? வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நூற்றுக்கு ஏழெட்டு முதல் பத்துப் பேர் வரை நோயுறலாம். இவர்களில் மரபணு இல்லாதவர்களை முதலிலேயே பிரித்துவிட்டால், அவர்களுக்கு மீண்டும் மீண்டும் ஊசி குத்தத் தேவையில்லை. மரபணு உள்ளவர்களை மட்டும் மருத்துவர் கண்காணித்தால் போதும். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டவர்களுக்கும் இது உதவும். உணவு மாறினாலும் மரபணு மாறுவதில்லை அல்லவா! திசுப் பரிசோதனையின் முடிவு தெளிவில்லாதபோதும் பயன் உண்டு. தென்னிந்தியாவில் 'டிராப்பிக்கல் ஸ்புரூ' என்ற வேறொரு குடல் நோயும் உண்டு. வேலூர் மருத்துவர்கள் அதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும். மரபணு இல்லை என்று தெரிந்தால், அது சீலியாக் அல்ல என்று மருத்துவர் முடிவுக்கு வர முடியும்.

எந்த அறிகுறியும் இல்லாமல், குடும்பத்தில் யாருக்கும் நோயும் இல்லாமல், இணைய விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிப் பரிசோதிப்பதால் பெரும்பாலும் கவலைதான் மிஞ்சும்.

யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இது இவர் செய்த பாவமா, இவர் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் இயேசுவிடம் கேட்டார்கள் (யோவான் 9). இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். பெற்றோர் புளித்த திராட்சையைத் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை இனி இஸ்ரயேலில் யாரும் சொல்லக் கூடாது என்று எசேக்கியேல் இறைவாக்கினர் வழியாக இறைவன் கண்டிப்பாகக் கூறினார் (எசேக்கியேல் 18).

இன்று அந்தப் பழமொழி மரபணு என்ற புதிய பெயரில் நம் வீடுகளுக்குள் நுழைகிறது. 'உங்கள் வீட்டு இரத்தம்தான் இப்படி' என்று மருமகளைக் குத்திக்காட்டும் சொற்களை நாம் கேட்கிறோம். மருத்துவ அறிவும் இதற்கு இடம் தரவில்லை. ஆறாவது குரோமோசோமில் ஒன்றைத் தந்தையிடமிருந்தும் மற்றொன்றைத் தாயிடமிருந்தும் பெறுகிறோம். சிலரிடம் டி.க்யூ.2-வின் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறுபாதி தாயிடமிருந்தும் வந்து இணைகிறது. கொடுத்த இருவரும் முழு நலத்துடன் இருக்கலாம். இதில் யாரை யார் குற்றம் சொல்வது?

திருமணப் பேச்சில் இதை ஒரு குறையாக எண்ணி ஒரு பெண்ணையோ பையனையோ ஒதுக்குவது அநீதி. பெண்ணை ஒதுக்குகிற குடும்பத்திலேயே மூவரில் ஒருவரிடம் அதே மரபணு இருக்கக்கூடும்! அதே வேளையில், நோய் உறுதியானவர்கள் அதை மறைக்காமல் மணம் புரியவிருக்கும் துணையிடம் சொல்வது நல்லது. ஏனெனில் நாளை ஒரே அடுப்பில் சமைக்கப் போகிறவர்கள் அவர்கள். மறைத்துவைத்துப் புகுந்த வீட்டில் சப்பாத்தி உண்டு உடலைக் கெடுத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நன்மை?

திருச்சபை மரபணு அறிவியலை எதிர்க்கவில்லை. நோயைத் தடுக்கவும் குணமாக்கவும் பயன்படும் அறிவை வரவேற்கிறது. ஆனால் மரபணுவைக் காரணம் காட்டிக் கருவிலிருக்கும் உயிரைத் தெரிந்தெடுப்பதையும் அழிப்பதையும், 1987-ல் வெளிவந்த 'தோனும் வீத்தே', 2008-ல் வெளிவந்த 'திஞ்ஞித்தாஸ் பெர்சோனே' ஆகிய ஏடுகளில் தெளிவாக மறுத்துள்ளது. திருப்பாடல் 139-ன் ஆசிரியர், தாயின் கருவிலேயே தம்மை உருவாக்கிய இறைவனுக்கு நன்றி கூறுகிறார். மரபணுவையும் சேர்த்துத்தான் அந்த நன்றி.

நற்கருணையும் குளூட்டனும்

இப்போது நம் இதயத்துக்கு நெருக்கமான கேள்விக்கு வருவோம். மரபணு மட்டும் உள்ளவர்கள், நோய் இல்லாதவரை, வழக்கம்போல நற்கருணை உட்கொள்ளலாம். எந்தத் தடையும் இல்லை. நோய் உறுதியானவர்களுக்குத்தான் மாற்று வழி தேவை. ஒரு சிறிய அப்பத்திலுள்ள குளூட்டன்கூட, நாள்தோறும் உட்கொண்டால் சிலரைப் பாதிக்கக்கூடும்.

'அரிசி அப்பத்தை வைத்துத் திருப்பலி நிறைவேற்றக் கூடாதா?' என்று நம் மக்கள் கேட்பது இயல்பு. கூடாது. திருப்பலிக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 924 கூறுகிறது. ஆனால் அதே திருச்சபை தன் நோயுற்ற பிள்ளைகளை மறந்துவிடவில்லை. 2003 ஜூலை 24 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கரின் கையொப்பத்துடன், ஆயர் பேரவைகளுக்கு ஒரு மடல் விடுத்தது. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. வேறு பொருள் கலக்காமல் அப்பம் சுடுவதற்குப் போதுமான அளவு குளூட்டன் உள்ள, குறைந்த குளூட்டன் அப்பம் செல்லும் என்று அது கூறியது. 2017-ல் கர்தினால் ராபர்ட் சாரா தலைமையிலான வழிபாட்டுப் பேராயம் இதையே மீண்டும் உறுதிப்படுத்தியது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கிளைடு என்ற ஊரிலுள்ள பெனடிக்டைன் சகோதரிகள் நெடுநாள் முயன்று, 0.01 விழுக்காடு அளவே குளூட்டன் உள்ள அப்பத்தை உருவாக்கினார்கள். நோயாளிகள் மருத்துவரைக் கேட்டு, பங்குத்தந்தை வழியாகப் பேராயரின் அனுமதி பெற்று இத்தகைய அப்பத்தைப் பயன்படுத்தலாம்.

அதையும் உட்கொள்ள முடியாதவர்கள் திருஇரத்தத்தை மட்டும் பெறலாம். இது குறைவான நற்கருணை அல்ல. அப்ப வடிவிலும் இரச வடிவிலும் தனித்தனியே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551-ல் கற்பித்தது. அப்ப வடிவில் மட்டும் பெறும் நாம் அனைவரும் முழுக் கிறிஸ்துவைப் பெறுவதுபோலவே, இரச வடிவில் மட்டும் பெறும் அவர்களும் முழுக் கிறிஸ்துவைப் பெறுகிறார்கள்.

நம் பங்கில் நாம் செய்யக்கூடியவை

• நோய் உறுதியானவர்கள் தயங்காமல் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். இது வெட்கப்பட வேண்டிய செய்தி அன்று.

• குறைந்த குளூட்டன் அப்பத்தைத் தனிச் சிமிழில் வைத்து, மற்ற அப்பங்களைத் தொடும் முன்பே வழங்க வேண்டும். திருஇரத்தம் பெறுபவருக்குத் தனிக் கிண்ணம் வேண்டும். திருப்பலியில் அப்பத்துண்டு இடப்படும் கிண்ணம் அவர்களுக்கு ஏற்றதல்ல.

• புதுநன்மை வகுப்பில் சேர்க்கும்போதே, பிள்ளைகளின் உணவுக் கட்டுப்பாடுகளை மறைக்கல்வி ஆசிரியர்கள் பெற்றோரிடம் கேட்டறியட்டும். புதுநன்மை நாளன்று ஒரு பிள்ளை வரிசையில் நின்று திகைக்கும் நிலை வரக் கூடாது.

• இவர்கள் வீட்டில் அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பருப்பு, காய்கனி, மீன், முட்டை, இறைச்சி எல்லாம் உண்ணலாம். மைதா, ரவை, சேமியா, பார்லிக் கஞ்சி, மால்ட் பானங்கள் ஆகாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரில் விழும் அந்தச் சிட்டிகையையும் கவனிக்க வேண்டும். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி.

• திருவிழா விருந்திலும், செவ்வாய்க்கிழமை அந்தோனியார் ரொட்டி வழங்கும்போதும், கிறிஸ்மஸ் கேக் வெட்டும்போதும் இவர்களுக்கென்று ஒரு வாழைப்பழமோ பொரி உருண்டையோ எடுத்து வைப்போம். அன்பு செய்யப் பெரும் செலவு தேவையில்லை.

அன்பார்ந்தவர்களே, ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்று திருத்தூதர் பவுல் கொரிந்து மக்களுக்கு நினைவூட்டினார். கிறிஸ்துவின் உடலாகிய பங்குக் குடும்பத்தில், அவருடைய பந்திக்கு வர முடியாமல் எவரும் வெளியே நிற்கக் கூடாது. மரபணுப் பரிசோதனையை அச்சத்தோடு அல்ல, அறிவோடு அணுகுவோம். தாளில் உள்ள ஒரு சொல்லைக் கொண்டு எவரையும் தீர்ப்பிடாதிருப்போம். நோயுற்றவர்களுக்கு நம் பந்தியிலும் நம் உள்ளத்திலும் இடம் தருவோம்.

இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் உடல் நலத்தாலும் உள்ள நலத்தாலும் நிரப்புவாராக!